பத்து மணி நேரச் சேவை

நான் படித்த பள்ளியில் தலைவர்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. எங்கள் வகுப்பில் முப்பத்தெட்டு பேர். அதில் இருபத்தொன்பது பேருடைய சட்டையில் பேட்ஜ் குத்தியிருக்கும். ஹவுஸ் கேப்டன், வைஸ் கேப்டன், ஒழுங்குக் கேப்டன், பசுமைக் கேப்டன், பிரேயர் கேப்டன், குழாயைச் சரியாக மூடுகிறார்களா என்று பார்க்க ஒரு வாட்டர் கேப்டன். மீதி ஒன்பது பேர்தான் பொதுமக்கள். இருபத்தொன்பது பேர் சேர்ந்து அந்த ஒன்பது பேரை வழிநடத்தினோம். அவர்கள் எப்படி மூச்சுவிட்டார்கள் என்று இப்போது யோசித்தால் ஆச்சரியமாக இருக்கிறது.

தலைவராக இருந்தால் மட்டும் போதாது, சேவையும் செய்ய வேண்டும் என்றார் பிரின்சிபால். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் அதைத்தான் முதலில் கேட்கின்றனவாம். வருடத்துக்கு ஐம்பது மணி நேரம் சேவை செய்தால் தங்கச் சான்றிதழ், முப்பது மணி நேரம் என்றால் வெள்ளி. அதற்குக் கீழே செய்தால் அது சேவையே இல்லை, வெறும் உதவி. எங்களில் பெரும்பாலோர் கடைசியில் போய்ச் சேர்ந்தது பழைய மகாபலிபுரம் சாலைக் கல்லூரிகளில். அங்கே யாரும் சேவையைப் பற்றிக் கேட்கவில்லை, டொனேஷனைப் பற்றித்தான் கேட்டார்கள்.

ஐம்பது மணி நேரத்தை எப்படிச் சேர்த்தோம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஒரு சனிக்கிழமை இரண்டு பஸ் நிறைய ஏரிக்கரையைச் சுத்தம் செய்யப் போனோம். கையுறை, தொப்பி, பேனர், மைக் எல்லாம் இருந்தன. குப்பைதான் இல்லை. முந்தைய வாரம்தான் வேறொரு பள்ளி வந்து அதே கரையைப் பெருக்கிவிட்டுப் போயிருந்தது. சேவைக்குப் பொறுப்பான மிஸ் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். கடைசியில் பஸ் டிரைவர் அண்ணாதான் கைகொடுத்தார். பஸ்ஸுக்குள் நாங்கள் தின்று போட்ட சிப்ஸ் பாக்கெட்டுகளைக் கூட்டி அள்ளிக் கரையில் கொட்டினார். அதை நாங்கள் எடுத்தோம். போட்டோ அருமையாக வந்தது. மூன்று மணி நேரம் கணக்கில் ஏறியது.

இப்படிப் பொறுக்கிப் பொறுக்கி நான் நாற்பது மணி நேரம் சேர்த்திருந்தேன். பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கியிருந்த நேரம். பள்ளி மாணவர் தலைவி பதவிக்கான நேர்முகத்தேர்வு வரப்போகிறது. தங்கம் உள்ளவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. எனக்கு அந்தப் பதவி வேண்டும். ஏன் வேண்டும் என்று அப்போது கேட்டிருந்தால் சமுதாயத்துக்குத் தொண்டாற்ற என்று சொல்லியிருப்பேன். உண்மையான காரணம், அந்தப் பதவியில் இருப்பவர் மார்புக்குக் குறுக்கே போடுகிற சிவப்புப் பட்டை. மற்ற எல்லாருக்கும் நீலம்தான்.

அந்த வாரம் சேவை மிஸ் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் சண்டே ஸ்கூல், மற்ற ஆறு நாளும் எங்கள் மணி நேரக் கணக்கு என்று ஓய்ச்சலே இல்லாதவர். "பம்மல்ல இருந்து ஒரு அக்கா. கண் தெரியாது. பி.ஏ. ஹிஸ்டரி, தமிழ் மீடியம். ஒரே ஒரு அரியர் இருக்கு. அவங்க சொல்லச் சொல்ல நீ எழுதணும். எழுதுறவங்க டிகிரி படிச்சிருக்கக் கூடாதுன்னு ரூல், அதனால ஸ்கூல் பசங்களைக் கேக்கறாங்க. ஒரு எக்ஸாமுக்குப் பத்து மணி நேரம் போட்டுத் தரேன். தமிழ் எழுதுவ இல்ல?"

"எழுதுவேன் மிஸ்" என்றேன்.

இந்த இடத்தில் என் தமிழ்ப் புலமையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டில் தமிழ்தான் பேசுவோம். சண்டை போடுவதும் கனவு காண்பதும் தமிழில்தான். ஆனால் பள்ளியில் எட்டாவது வரை இந்தி எடுத்தேன், பிறகு மார்க் அள்ளலாம் என்று பிரெஞ்சுக்கு மாறினேன். பாரிஸில் ஒரு கடைக்குப் போய் இலக்கணச் சுத்தமாக ரொட்டி கேட்க என்னால் முடியும். அஸ்தினாபுரத்தில் எங்கள் தெருமுனை மளிகைக் கடைக்கு ஒரு சாமான் லிஸ்ட் எழுத முடியாது. பஸ் போர்டும் சினிமா போஸ்டரும் படிப்பேன். அதையும் பஸ் நின்றால்தான். எழுதுவது என்றால் என் பெயர், அதுவும் இரண்டு முயற்சியில்.

இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. தெரியாது என்று சொல்லத்தான் தெரியவில்லை. தலைமைப் பண்புப் பயிற்சி என்று மூன்று வருடம் எங்களுக்கு வகுப்பு நடந்தது. முதல் பாடமே 'முடியாது என்ற சொல் தலைவனின் அகராதியில் இல்லை' என்பதுதான். என் அகராதியில் தமிழே இல்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

அம்மா மட்டும் கேட்டாள். "உனக்கு எழுத வருமாடி?"

"மூணு நாள் இருக்கும்மா. பிக்கப் பண்ணிடுவேன்."

அம்மாவுக்குச் சந்தேகம்தான். ஆனால் பெருமை சந்தேகத்தைவிட வேகமாக ஓடும். அன்று சாயங்காலமே சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போய்விட்டது. பெரியப்பா கைகூப்பும் படம் ஒன்றுக்கு மூன்றாக அனுப்பினார். நான் கடைக்குப் போய் ஒன்றாம் வகுப்புக் கையெழுத்துப் பயிற்சி நோட்டு வாங்கினேன். "தம்பிக்கா பாப்பா?" என்றார் கடைக்காரர். ஆமாம் என்றேன். எனக்குத் தம்பி கிடையாது.

பரீட்சை நடந்தது குரோம்பேட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில். அந்த அக்கா எனக்கு முன்பே வந்து தரைத்தள அறை வாசலில் நின்றிருந்தார். இருபத்துமூன்று வயது இருக்கும். இஸ்திரி போட்ட மஞ்சள் சுடிதார், மடக்கிய வெள்ளைக் கோல், காதில் இயர்போன். குரல் பதிவு செய்து வைத்திருந்த பாடத்தைக் கடைசி நிமிடம் வரை கேட்டுக்கொண்டிருந்தார். என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, உள்ளங்கையைத் தடவிப் பார்த்தார்.

"கை மெத்துனு கீதே. எழுதுற கையா, சாப்புட்ற கையா?" என்று சிரித்தார். பிறகு குரல் மாறியது. "பாப்பா, போன தபா வந்த பொண்ணு பாதில வவுத்து வலின்னு எழுந்து பூட்ச்சு. அதான் இந்த ஒரு பேப்பர் நின்னு போச்சு. மத்தது அல்லாம் கிளியர். இத்த முடிச்சேன்னா இந்த வருசமே பி.எட். சேர்ந்துடுவேன். காலேஜ்லகூடப் பேசி வெச்சுக்கீறேன். நீ தமிழ் நல்லா எழுதுவே இல்ல?"

"சூப்பரா எழுதுவேன்க்கா" என்றேன்.

மிஸ்ஸிடம் 'எழுதுவேன்' என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். 'சூப்பரா' என்பது அங்கே நானாகச் சேர்த்தது.

பத்து மணிக்குத் தொடங்கினால் ஒரு மணிக்கு முடிய வேண்டும். பார்வையற்றவர் என்பதால் அவருக்கு இன்னும் ஒரு மணி நேரம் கூடுதல், அதாவது இரண்டு வரை. எனக்குப் பள்ளியில் தலைவிப் பதவிக்கான நேர்முகத்தேர்வு அன்றைக்கே இரண்டரைக்கு. யூனிபார்ம் மாற்ற வேண்டும், தலை வாரிப் பின்ன வேண்டும். ஒரு மணிக்கே கிளம்பினால் நல்லது என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தேன்.

வாசலில் 'இன்னா', 'கீது' என்று பேசியவர், கேள்வித்தாளை நான் படித்துக் காட்டியதும் வேறு ஆளாகிவிட்டார். கேள்வித்தாளில் இங்கிலீஷிலும் அச்சிட்டிருந்ததால் பிழைத்தேன். அதைப் பார்த்துத் தட்டுத்தடுமாறித் தமிழாக்கிச் சொன்னேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "பல்லவர் காலத்தில் வெட்டப்பட்ட ஏரிகள் வேளாண்மைக்குப் பெருந்துணையாக விளங்கின" என்று ஆரம்பித்தார். முற்றுப்புள்ளி எங்கே என்றுகூடச் சொன்னார். புத்தகம் பேசுவது மாதிரி இருந்தது.

நான் 'பல்லவர்' எழுதினேன். 'காலத்தில்' எழுதினேன். 'வேளாண்மை' என்ற இடத்தில் மாட்டிக்கொண்டேன். நோட்டில் பழகிய எழுத்தெல்லாம் வரிசையாக இருந்தபோது முகம் தெரிந்தவை, கலைந்து வந்தால் அந்நியர்கள். ஏதோ ஒன்றைப் போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போனேன். அவர் ஒரு வரி சொல்லிவிட்டுக் காத்திருப்பார். பேனா ஓடும் சத்தம் நின்ற பிறகு அடுத்த வரி. இப்படி ஏழு சின்னக் கேள்விகளுக்கே ஒரு மணி நேரம் ஆகிவிட்டது.

"நிதானமா எழுது, அவசரமே இல்ல" என்றார் அவர். எனக்கு இருந்தது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை தோன்றியது. அன்றைக்கு அதை யோசனை என்றுதான் நினைத்தேன். நானும் என் தோழிகளும் நாள் முழுக்கத் தமிழில்தானே மெசேஜ் அனுப்புகிறோம்? இங்கிலீஷ் எழுத்தில் போட்டால் என்ன, தமிழ் தமிழ்தானே? அம்மா படிக்கிறாள், பெரியப்பா படிக்கிறார், பேப்பர் திருத்துகிற பேராசிரியர் படிக்க மாட்டாரா? எட்டாவது கேள்வியிலிருந்து இங்கிலீஷ் எழுத்துக்கு மாறினேன்.

அதன் பிறகு என் பேனாவைப் பிடிக்க முடியவில்லை. சோழர் கால உள்ளாட்சி பற்றி அவர் கட்டுரை சொன்னார். ஊர்ச்சபைக்குப் போட்டியிட என்னென்ன தகுதி வேண்டும், யார் யார் நிற்கக் கூடாது, பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு எப்படி எடுப்பார்கள் என்று மடமடவென்று அடுக்கினார். நானும் மடமடவென்று வாட்ஸ்அப் தமிழில் கொட்டினேன். உயிரெழுத்துகளில் பாதியை விட்டுவிட்டு, மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் மூன்று புள்ளி வைத்தேன். ஸ்மைலி போடவில்லை, அது ஒன்றைத்தான் என் பக்கத்து நியாயமாகச் சொல்லிக்கொள்ள முடியும்.

பேனா ஓடும் சத்தம் அவருக்குக் கேட்டது. முகம் மலர்ந்துவிட்டது. "இப்பத்தான்டா உன் கை சூடாயிருக்குது! நிறுத்தாதே, போய்க்கினே இரு" என்றார். அவரும் உற்சாகமாகி, மனப்பாடம் பண்ணாத விஷயங்களையெல்லாம் சொந்தமாகச் சொல்ல ஆரம்பித்தார். எவ்வளவு படித்திருந்தார்! ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் காகிதத்தின் பின்பக்கத்தைத் தடவி, பேனா அழுத்திய மேடு பள்ளத்தை விரலால் பார்த்துத் தலையாட்டினார். அறைக் கண்காணிப்பாளர் ஒருவர் இருந்தார். காதில் இயர்போன் மாட்டி கிரிக்கெட் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு தரம் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். இங்கிலீஷ் எழுத்தைக் கண்டு இங்கிலீஷ் மீடியம் என்று நினைத்திருக்க வேண்டும். "குட், குட்" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

பன்னிரண்டு ஐம்பதுக்கு எல்லாம் முடிந்தது. கூடுதல் ஒரு மணி நேரத்தை நாங்கள் தொடவே இல்லை. 'தேர்வர் சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன்' என்ற உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். அதில் பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொன்னபடியேதானே எழுதினேன், ஒரு வார்த்தைகூட மாற்றவில்லையே.

வெளியே வந்ததும் அவர் எனக்குக் கரும்பு ஜூஸ் வாங்கிக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. "என் வாழ்க்கைலே முப்பது பக்கம் எழுதினதே இல்ல" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நான் ஜூஸைக் குடித்துவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்தேன்.

நேர்முகத்தேர்வில் பிரின்சிபால் கேட்ட முதல் கேள்வி, சேவை என்றால் என்ன? எனக்குச் சூடாகப் பதில் இருந்தது. காலையில்தான் ஒரு பார்வையற்ற சகோதரிக்குக் கண்ணாக இருந்துவிட்டு வருகிறேன் என்றேன், இங்கிலீஷில். சொல்லும்போது என் குரல் தழுதழுத்தது. அது நடிப்பு இல்லை, அதுதான் கொடுமை. ஜூன் மாதம் சிவப்புப் பட்டை எனக்கு வந்தது.

ஜூலைக் கடைசியில் போன் வந்தது.

"பாப்பா, பம்மல் அக்கா பேசுறேன். பேப்பர் பூட்ச்சு."

அவர் நம்பவில்லையாம். பணம் கட்டி விடைத்தாள் நகல் வாங்கி, தெருவில் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்கார அண்ணனிடம் படிக்கச் சொல்லியிருக்கிறார். "அவரு என்னைக் கேக்குறாரு, 'இன்னாம்மா, வாட்ஸ்அப்பை அப்டியே பிரிண்ட் எடுத்துகினு வந்துக்கீறியா'ன்னு. முதல் ஏழு கேள்விக்கி ரெண்டு ரெண்டா பதினாலு மார்க் போட்டுக்கீறாங்கோ. அதுக்கப்புறம் சிவப்புக் கோடு. முப்பது எடுத்தா பாஸு."

அந்த ஏழும் நான் திக்கித் திணறித் தமிழில் எழுதியவை. எழுத்தெல்லாம் கோணல்மாணல். ஆனாலும் திருத்தியவர் முட்டி மோதிப் படித்து முழு மார்க் போட்டிருக்கிறார். அப்படியே நகர்ந்து நகர்ந்து இன்னும் மூன்று சின்னக் கேள்வியும் இரண்டு கட்டுரையும் எழுதியிருந்தால்கூட அக்கா கரையேறியிருப்பார். நேரம் இருந்தது. அதை ஒரு தலைவி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"ஏன் பாப்பா சொல்லல? எழுத வராதுன்னு சொல்லியிருந்தா வேற யாரையாச்சும் கேட்டுகினு இருப்பேனே."

ஸாரிக்கா என்றேன். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவே இல்லை. "பி.எட். அப்ளிகேஷன் வெள்ளிக்கிழமையோட முடியுது" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன். அப்போதும் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டுதான் அழுதேன், தலைவி அழுவது வெளியே கேட்கக் கூடாதே.

மறுநாள் மிஸ்ஸிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "நான் உன்னை எழுத வெச்சுப் பார்த்திருக்கணும்" என்றார். பிறகு என்னைப் பிரின்சிபாலிடம் கூட்டிப் போனார். பிரின்சிபால் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நல்ல எண்ணத்தில் செய்ததற்குத் தோல்வி என்று பெயரில்லை, அனுபவம் என்று பெயர் என்றார். மேலும், ஆகஸ்ட் பதினைந்துக்கான சான்றிதழ்கள் அச்சுக்குப் போய்விட்டன.

கொடியேற்றிய பிறகு மேடையில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் போய் வாங்காமல் திரும்பினேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. வாங்கினேன். போட்டோவுக்குச் சிரித்தேன். அப்பா சான்றிதழைச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டினார். வருகிறவர்கள் எல்லாரும் படித்தார்கள்.

நவம்பர் பரீட்சைக்கு எழுத ஆள் தேடித் தருகிறேன் என்று நானே அக்காவுக்குப் போன் செய்தேன். "நீ வர மாட்டியே?" என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் சரி என்றார். தலைவர்கள் குழுவில் செய்தி போட்டேன்: தமிழ் எழுதத் தெரிந்தவர்கள் உடனே தொடர்புகொள்ளவும். கட்டைவிரல் படங்கள் வந்து குவிந்தன. தனித்தனியாகக் கேட்டால் எல்லாரும் பிரெஞ்சு, அல்லது இந்தி. வகுப்பில் தமிழை மொழிப்பாடமாக எடுத்தவர்கள் நான்கே பேர். நான்கு பேரும் பேட்ஜ் இல்லாத அந்த ஒன்பது பேரில் இருந்தார்கள்.

அதில் பல்லாவரத்திலிருந்து வருகிற ஒருத்தியிடம் போய் நின்றேன். தாமதமாக வருகிறாள் என்று அவள் பெயரை நானே நாலைந்து தரம் எழுதிக் கொடுத்திருக்கிறேன், இங்கிலீஷில். விஷயத்தைச் சொன்னேன். பத்து மணி நேரம் கிடைக்கும் என்றும் சொல்லிப் பார்த்தேன்.

"அதை வெச்சு நான் என்ன பண்றது? பிரியாணி வாங்கித் தருவியா?" என்றாள்.

பரீட்சை அன்று அவளை அழைத்துப் போய் விட்டுவிட்டு வெளியே மரத்தடியில் உட்கார்ந்தேன். ஒரு மணி ஆயிற்று, ஒன்றரை ஆயிற்று, வரவில்லை. இரண்டு மணி அடித்த பிறகுதான் இருவரும் வந்தார்கள். அவள் கையை உதறிக்கொண்டே தண்ணீர்க் குழாயைத் தேடிப் போனாள். அந்தப் பரீட்சையில் அக்கா பாஸாகிவிட்டார், நல்ல மார்க். ஆனால் பி.எட். அடுத்த வருடம்தான். பேசி வைத்திருந்த கல்லூரி கிடைக்கவில்லை, வேறொன்றில் சேர்ந்தார்.

அன்று மரத்தடியில் நானும் அக்காவும் மட்டும் நின்றபோது, எப்படிக்கா எழுதினா என்று கேட்டேன்.

"தெரியலக்கா, மறுபடி சொல்லுங்க, தெரியலக்கா, மறுபடி சொல்லுங்கன்னு உசுர வாங்கிட்டா" என்று சிரித்தார். கோலை விரித்துத் தரையைத் தட்டிப் பார்த்தார். பிறகு சிரிப்பு இல்லாமல் சொன்னார்: "நீ அன்னிக்கு ஒரு தபாகூடக் கேக்கல பாப்பா. எனக்கு அப்பவே தெரிஞ்சிருக்கணும்."